பிள்ளைக்கு அடிக்கடி வரும் காணாக்கடி: காரணம் தெரியாதபோது என்ன செய்யலாம்?

பெற்றோருக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

பிள்ளையின் தோலில் திடீரென்று தடிப்புகள் தோன்றுகின்றன. கடுமையாக அரிக்கின்றன. சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைந்துவிடுகின்றன. மறுநாள் உடலின் வேறோர் இடத்தில் மீண்டும் வருகின்றன. பூச்சி எதுவும் கடித்ததாகத் தெரியவில்லை. புதிதாக எதையும் சாப்பிடவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்ததுபோல் இருப்பதால்தான் நம் முன்னோர் இதைக் ‘காணாக்கடி’ என்று அழைத்தனர்.

வாரக்கணக்கில் இப்படித் தொடரும்போது பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. இறால், முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்தும் குடும்பங்களும் உண்டு. வளரும் பிள்ளைக்குத் தேவையான உணவு குறைகிறது, தடிப்போ நிற்பதில்லை. இந்த வழிகாட்டியைப் படித்தபின் நீங்கள் நான்கு விவரங்களை அறிந்திருப்பீர்கள்: காணாக்கடி எப்படி உண்டாகிறது, உணவுதான் காரணமா என்பதை எப்படிச் சிந்திப்பது, நாள்குறிப்பு எழுதுவது எப்படி, எப்போது உடனடி உதவி நாட வேண்டும்.

உடனடி ஆபத்து அறிகுறிகள்: முதலில் இதைப் படியுங்கள்

தடிப்புகளுடன் பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே 995ஐ அழையுங்கள்:

• மூச்சுத் திணறல், மூச்சிரைப்பு, விடாத இருமல்
• நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் கம்முதல், எச்சில் விழுங்கச் சிரமம்
• திடீரென வெளிறிப்போதல், துவண்டுவிடுதல், மயக்கம்
• ஒவ்வாமை தரக்கூடிய உணவு, மருந்து அல்லது குளவிக் கடிக்குப் பிறகு திரும்பத் திரும்ப வாந்தி அல்லது கடும் வயிற்றுவலி

பிள்ளைக்கு மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதித் தந்திருந்தால், அதைத் தாமதமின்றிப் போடுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரலாம். அரிப்பு மருந்து இந்த நிலைக்குப் போதாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மேற்கண்ட அறிகுறிகள் இல்லாமல், தோலில் தடிப்பு மட்டும் வந்து மறைகிறது என்றால் பொதுவாக அது உயிருக்கு ஆபத்தான நிலை அன்று. நிதானமாக மேலே படியுங்கள்.

காணாக்கடி எப்படி இருக்கும்?

கொசு கடித்ததுபோல் சிறு புள்ளியாகவோ, உள்ளங்கை அளவுக்குப் பரந்த திட்டாகவோ இருக்கலாம். நடுவில் வெளிறியும் ஓரத்தில் சிவந்தும் காணப்படும். மாநிறமும் கறுப்பு நிறமும் உள்ள பிள்ளைகளிடம் சிவப்பு தெளிவாகத் தெரியாது. தோலின் நிறத்திலேயே மேடாக இருக்கும். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்த்தால் எளிதில் தெரியும்.

இதன் முக்கிய அடையாளம் நேரம். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தழும்போ கறையோ இல்லாமல் மறைந்துவிடும். பழையது மறையும்போது புதியது வரலாம் என்பதால் நாள் முழுவதும் தடிப்பு இருப்பதுபோல் தோன்றும். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, மறுநாள் அதே இடத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சில பிள்ளைகளுக்குக் கண் இமை, உதடு, கை, கால் ஆகியவை வீங்கும். தோலின் ஆழமான அடுக்கில் ஏற்படும் இந்த வீக்கம் வடிய இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம்.

காணாக்கடி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தம்பி தங்கையுடன் ஒரே படுக்கையில் தூங்கலாம். பள்ளிக்கும் செல்லலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் தோலுக்கடியில் ‘மாஸ்ட்’ எனப்படும் உயிரணுக்கள் உள்ளன. கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கும் வேலையில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவற்றுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் நிரம்பியிருக்கிறது. ஏதேனும் ஒன்று இவற்றைத் தூண்டினால் ஹிஸ்டமின் வெளியேறும். அது சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்து, அவற்றிலிருந்து நீரைத் தோலுக்குள் கசியவிடுகிறது. கசிந்த நீர்தான் தடிப்பு. ஹிஸ்டமின் நரம்பு முனைகளைத் தொடுவதால் அரிப்பு உண்டாகிறது. நீர் மீண்டும் உறிஞ்சப்பட்டதும் தோல் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

உணவு ஒவ்வாமை இந்த உயிரணுக்களைத் தூண்டும் பல வழிகளில் ஒன்றுதான். கிருமித்தொற்று, சில மருந்துகள், குளிர், வெப்பம், அழுத்தம் ஆகியவையும் தூண்டலாம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகவும் தூண்டலாம்.

ஆறு வாரம் என்ற எல்லை

மருத்துவர்கள் காணாக்கடியை இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்குள் அடங்குவது குறுகிய கால வகை. பிள்ளைகளிடம் இதற்கு மிகவும் பொதுவான காரணம் சளி, காய்ச்சல் போன்ற கிருமித்தொற்று. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள்களுக்குத் தடிப்பு வரலாம். அந்த நேரத்தில் உட்கொண்ட மருந்தின்மீது பழி விழுவது உண்டு. அது உண்மையிலேயே மருந்து ஒவ்வாமையா என்பதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான ‘ஒவ்வாமை’ முத்திரை பிள்ளையின் மருத்துவப் பதிவில் பல ஆண்டுகள் தங்கிவிடும்; தேவைப்படும்போது நல்ல மருந்து கிடைக்காமல் போகும்.

வாரத்தில் பெரும்பாலான நாள்களில் தோன்றி, ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது நீண்டகால வகை. இந்த வகையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வரும் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. தானாகவே தோன்றும் காணாக்கடி என்று இதைச் சொல்வார்கள். இவர்களில் கணிசமானோரின் இரத்தத்தில், தங்கள் மாஸ்ட் உயிரணுக்களையே தூண்டிவிடும் எதிர்ப்பொருள் இருப்பது அறியப்பட்டுள்ளது. காரணம் உடலுக்குள் இருக்கும்போது அதைச் சமையலறையில் தேடினால் கிடைக்காது.

சாப்பிட்ட உணவுதான் காரணமா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். உணவு ஒவ்வாமைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. அந்த உணவைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு வந்ததா?
2. அதைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் வருகிறதா?
3. அதைச் சாப்பிடாத நாள்களில் வராமல் இருக்கிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் உணவின்மீது சந்தேகப்பட இடமுண்டு. முதல் முறையே கடுமையாக வந்திருந்தால், ஒரே முறை என்றாலும் அந்த உணவைத் தவிர்த்து மருத்துவரைப் பாருங்கள். முட்டை, பால், வேர்க்கடலை, இறால், நண்டு போன்றவை நன்கு அறியப்பட்டவை. நம் வட்டாரத்தில் பறவைக்கூட்டுச் சாறும் பிள்ளைகளுக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியுள்ளது.

அதிகாலையில் எழும்போதே தடிப்பு இருக்கிறது, என்ன சாப்பிட்டாலும் வருகிறது, ஒரு நாள் வந்து மறுநாள் அதே உணவுக்கு வரவில்லை என்றால் உணவு காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நீண்டகாலக் காணாக்கடி பலருக்கு மாலையிலும் இரவிலும் அதிகமாகும். அதனால்தான் இரவு உணவின்மீது அதிகம் சந்தேகம் வருகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க நீங்களாகவே உணவைக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் ஆலோசனை இல்லாமல் பால், முட்டை போன்ற முக்கிய உணவுகளை நிறுத்தவும் வேண்டாம்.

தூண்டும் மற்றக் காரணங்கள்

சில பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட ஒரு தூண்டுதல் இருக்கும். கூர்ந்து கவனித்தால் பெற்றோராலேயே கண்டுபிடிக்க முடியும்.

• கீறல்: சொறிந்த இடத்திலும் புத்தகப் பையின் வார் உராய்ந்த இடத்திலும் கோடு கோடாகத் தடிக்கும்.

• வெப்பமும் வியர்வையும்: உடற்கல்வி வகுப்பு, வெந்நீர்க் குளியல், வெயிலில் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு ஊசிமுனை அளவுச் சிறு தடிப்புகள் மார்பிலும் கழுத்திலும் எழும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும்.

• குளிர்: ஐஸ் கச்சாங் கிண்ணத்தைப் பிடித்த கை, குளிர்சாதனக் காற்று பட்ட முகம், நீச்சல் குளத்திலிருந்து வெளியே வந்த உடல் ஆகியவை தடிக்கும்.

• அழுத்தம்: இறுக்கமான காலுறை, இடுப்புப் பட்டி இருந்த இடத்தில் சில மணி நேரம் கழித்து வீங்கும்.

குளிரால் தடிப்பு வருவதாகத் தெரிந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை பிள்ளையை நீந்த அனுப்ப வேண்டாம். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ஹிஸ்டமின் அதிக அளவில் வெளியேறி, நீருக்குள்ளேயே மயக்கம் வரக்கூடும். பள்ளியின் நீச்சல் பயிற்றுநருக்கும் தெரிவியுங்கள்.

வேறு சில காரணங்கள் காணாக்கடியை உண்டாக்காவிட்டாலும் அதைக் கூட்டும்: காய்ச்சல், தூக்கமின்மை, தேர்வுக்கால மன அழுத்தம், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள். காய்ச்சலுக்கு எந்த மருந்து ஏற்றது என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நாள்குறிப்பு எழுதுவது எப்படி?

மருந்தகத்துக்குச் செல்லும் நேரத்தில் தடிப்பு மறைந்திருக்கும். எனவே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அதோடு நாள்தோறும் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே முறைதான் இது.

தடிப்புகளின் எண்ணிக்கை, கடந்த 24 மணி நேரத்தில்:
0 – இல்லை
1 – 20க்கும் குறைவு
2 – 20 முதல் 50 வரை
3 – 50க்கு மேல், அல்லது பெரிய திட்டுகளாக

அரிப்பு:
0 – இல்லை
1 – இருக்கிறது, ஆனால் தொந்தரவு இல்லை
2 – தொந்தரவு தருகிறது, ஆனால் விளையாட்டும் தூக்கமும் கெடவில்லை
3 – விளையாட்டு, படிப்பு அல்லது தூக்கம் கெடுகிறது

இரண்டையும் கூட்டினால் அன்றைய மதிப்பெண். ஏழு நாள் மதிப்பெண்களைக் கூட்டினால் அந்த வாரத்துக்கான மதிப்பெண். அது 42ஐத் தாண்டாது. 6 அல்லது அதற்குக் குறைவு என்றால் நன்கு கட்டுப்பட்டுள்ளது. 7 முதல் 15 வரை இலேசானது. 16 முதல் 27 வரை நடுத்தரமானது. 28 அல்லது அதற்கு மேல் கடுமையானது.

ஓர் எடுத்துக்காட்டு

எட்டு வயதுச் சிறுமிக்கு இரண்டு மாதமாகத் தடிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தார் இறாலைச் சந்தேகிக்கிறார்கள். அவர்களின் ஒரு வார நாள்குறிப்பு இது:

திங்கள்: தடிப்பு 1, அரிப்பு 2. மொத்தம் 3. இரவு 7.30க்கு இறால் சம்பல். 9 மணிக்குத் தடிப்பு.
செவ்வாய்: தடிப்பு 2, அரிப்பு 2. மொத்தம் 4. இறால் இல்லை. இரவு 9 மணிக்குத் தடிப்பு.
புதன்: தடிப்பு 0, அரிப்பு 0. மொத்தம் 0. பள்ளி உணவகத்தில் இறால் போட்ட மீ சாப்பிட்டதாகப் பிள்ளை மாலையில் சொன்னாள்.
வியாழன்: தடிப்பு 1, அரிப்பு 1. மொத்தம் 2. காலையில் எழும்போதே தடிப்பு.
வெள்ளி: தடிப்பு 3, அரிப்பு 3. மொத்தம் 6. சளி, காய்ச்சல். இபுபுரோஃபென் கொடுக்கப்பட்டது.
சனி: தடிப்பு 3, அரிப்பு 2. மொத்தம் 5. காய்ச்சல் தொடர்கிறது.
ஞாயிறு: தடிப்பு 1, அரிப்பு 1. மொத்தம் 2. காய்ச்சல் விட்டது.

வார மதிப்பெண் 22. நடுத்தரமானது.

திங்கட்கிழமையை மட்டும் பார்த்தால் இறால்தான் குற்றவாளி. ஏழு நாளையும் சேர்த்துப் பார்த்தால் கதை மாறுகிறது. இறால் சாப்பிட்ட புதன்கிழமை தடிப்பே இல்லை. சாப்பிடாத செவ்வாய்க்கிழமை அதே 9 மணிக்குத் தடிப்பு வந்தது. அதிகமான நாள்கள் காய்ச்சல் நாள்கள். அவற்றுள் வெள்ளிக்கிழமை காய்ச்சலும் மருந்தும் சேர்ந்து வந்ததால், எது கூட்டியது என்று அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. இந்தப் பிள்ளையின் குடும்பம் இறாலை நிறுத்துவதற்குப் பதிலாக, தடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதே பயன் தரும்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் உங்கள் பொது மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். நோய் வரலாற்றைக் கேட்பதும் உடலைப் பரிசோதிப்பதுமே முக்கியமான பகுதி. தேவைப்பட்டால் எளிய இரத்தப் பரிசோதனை செய்யப்படும். சிலருக்குத் தைராய்டு சுரப்பியும் பரிசோதிக்கப்படலாம்.

“எல்லா ஒவ்வாமைப் பரிசோதனைகளையும் செய்துவிடலாமே” என்று பெற்றோர் கேட்பதுண்டு. பரிசோதனையில் ஓர் உணவு ‘உண்டு’ எனக் காட்டினாலும், அதைப் பிள்ளை சிக்கலின்றிச் சாப்பிட்டு வரக்கூடும். நோய் வரலாறு சுட்டாத உணவுகளைப் பரிசோதித்தால் தேவையற்ற தடைகளே மிஞ்சும்.

பின்வருவன இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்:

• ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தல், அரிப்பைவிட வலி அதிகமாக இருத்தல், மறைந்தபின் கன்றிய கறை தெரிதல்
• காரணமற்ற காய்ச்சல் திரும்பத் திரும்ப வருதல், மூட்டுவலி, எடை குறைதல்
• தடிப்பே இல்லாமல் வீக்கம் மட்டும் வருதல், குறிப்பாகக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி இருந்தால்

சிகிச்சை

காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் மருந்தே முதல் படி. செட்டிரிசின், லொராட்டடின் போன்ற புதிய வகை மருந்துகள் குறைவாகவே தூக்கம் தரும். பழைய வகை மருந்துகள் மயக்கம் தருவதால், நாள்தோறும் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு உகந்தவையல்ல.

நீண்டகாலக் காணாக்கடிக்கு இந்த மருந்தைத் தடிப்பு வந்த பிறகு கொடுப்பதைவிட, மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் கொடுப்பதே பலன் தரும். தடிப்பு எழும் முன்பே மருந்து உடலில் இருந்தால்தான் ஹிஸ்டமினைத் தடுக்க முடியும். இரண்டு நாள் தடிப்பு வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நாள்தோறும் கொடுத்தால் பழக்கமாகிவிடுமோ என்று பாட்டி தாத்தா கவலைப்படலாம். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து அன்று.

அளவு பிள்ளையின் வயதையும் எடையையும் பொறுத்தது. வழக்கமான அளவு போதாவிட்டால் மருத்துவர் அதைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம். அப்போதும் கட்டுப்படாதவர்களை நிபுணரிடம் அனுப்புவார். 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒமலிசுமாப் என்ற ஊசி மருந்து உதவக்கூடும்.

ஸ்டீராய்டு மாத்திரை தடிப்பை வேகமாக அடக்கும். ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் வளர்ச்சி, எலும்பு, நோய் எதிர்ப்பு ஆற்றல் ஆகியவற்றைப் பாதிக்கும். கடுமையான நேரத்தில் சில நாள்களுக்கு மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படும்.

வீட்டில் செய்யக்கூடியவை

• ஈரமான குளிர்ந்த துணியை அரிக்கும் இடத்தில் வையுங்கள். குளிரால் தடிப்பு வரும் பிள்ளைக்கு இது கூடாது.
• மிதமான நீரில் குளிக்க வையுங்கள். தளர்வான பருத்தி ஆடை அணிவியுங்கள். நகங்களை வெட்டிவிடுங்கள்.
• தைலம், மருந்தெண்ணெய் போன்றவற்றைத் தடிப்பின்மீது தேய்க்க வேண்டாம். எரிச்சல் கூடும், சிறு பிள்ளைகளுக்குக் கற்பூரம் தீங்கு விளைவிக்கலாம்.
• இணையத்திலோ பயணத்தின்போதோ வாங்கும் ‘மூலிகை’ மாத்திரைகளையும் களிம்புகளையும் கொடுக்காதீர்கள். வியக்கத்தக்க வேகத்தில் குணமாக்கும் சில பொருள்களில் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. ஏற்கெனவே கொடுத்து வந்திருந்தால், திடீரென நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியிலும் பாலர் பள்ளியிலும்

தடிப்பைப் பார்த்து, கை, கால், வாய்ப்புண் நோயோ சின்னம்மையோ என்று ஆசிரியர்கள் அஞ்சலாம். இது தொற்றாது என்று மருத்துவர் எழுதித் தரும் குறிப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பிள்ளையின் தூண்டுதல் எது, ஆபத்து அறிகுறிகள் எவை, யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி ஆசிரியர், மாணவர் பராமரிப்பு நிலையம், பாட்டி தாத்தா, இல்லப் பணிப்பெண் ஆகிய அனைவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

பிள்ளையிடமும் பேசுங்கள். இரவெல்லாம் அரித்தால் மறுநாள் வகுப்பில் கவனம் சிதறும். முகம் வீங்கிய நாளில் வெளியே செல்லக் கூச்சமாக இருக்கும். “நீ எதையோ தின்றதால்தான்” என்று குறை சொல்லாதீர்கள். இது பிள்ளையின் தவறன்று, உங்கள் சமையலின் தவறுமன்று.

எப்போது சரியாகும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது காலப்போக்கில் தானாகவே நின்றுவிடும். பாங்காக்கில் நீண்டகாலக் காணாக்கடியுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும் நின்றுவிட்டது. எந்தப் பிள்ளைக்கு எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதுவரை பிள்ளை நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டு, ஓடி விளையாடுவதே சிகிச்சையின் நோக்கம். மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்தைக் குறைத்துப் பார்த்து, இன்னும் தேவையா என்று முடிவு செய்வார்.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது எடுத்துச் செல்லுங்கள்

☐ தடிப்பு, வீக்கம் ஆகியவற்றின் படங்கள்
☐ குறைந்தது இரண்டு வார நாள்குறிப்பு
☐ பிள்ளை உட்கொள்ளும் எல்லா மருந்துகள், மூலிகைகள், ஊட்டச்சத்து மாத்திரைகளின் பெயர்கள்
☐ நிறுத்தி வைத்துள்ள உணவுகளின் பட்டியல்
☐ நீங்கள் கேட்க விரும்பும் கேள்விகள்

இவற்றில் நான்காவதை மறக்காதீர்கள். எந்த உணவைப் பிள்ளை மீண்டும் சாப்பிடத் தொடங்கலாம் என்பதை அந்தச் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.